மஞ்சள் நாடா

ஆஸ்பத்திரிச் சமையலறையில்
காய்கறி சதுரமாக விளையும்.
கரட் சதுரம், உருளைக்கிழங்கு சதுரம்,
பட்டாணி மட்டும் பிடிவாதமாய் உருண்டை.
பத்துக் கிலோப் பையை வெட்டிக் கவிழ்த்தால்
சல்லிக்கல் கொட்டின சத்தம்.
ஓகஸ்ட் என்றும் இல்லை, தை என்றும் இல்லை,
அங்கே எப்போதும் மைனஸ் பதினெட்டு.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து
சைக்கிளை எடுத்தால்
நெக்கார் ஆற்றோரம் சாய்ந்து கிடக்கிறது
கோபமெல்லாம் தீர்ந்த வெயில்.
எபர்லே வீட்டு வாசல் மேசையில்
பூசணி, போஞ்சி, தோள் வெடித்த தக்காளி,
மண் உதறாத பீட்ரூட்,
பக்கத்தில் துளை போட்ட பிஸ்கட் டின்.
ஆளில்லை.

முதல் வருடம் அந்த மேசைக்குக் கிட்டப் போகவே பயம்.
யன்னலுக்குப் பின்னால் யாரோ நின்று
பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்,
போஞ்சி விற்றதா என்று.

இன்றைக்கு இரண்டு யூரோ போட்டேன்.
டின் ஒரு தரம் குலுங்கி அடங்கியது.
தக்காளி வீடு வரை வரவில்லை.
பாலத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கடித்தேன்,
உள்ளே இன்னும் மத்தியானச் சூடு.
சாறு முழங்கை வரை வழிந்து
வேலைச் சட்டையில் மூன்று விதை.
உப்பில்லாத குறை ஒன்றுதான்.
நாளை தொடக்கம் கைப்பையில்
உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு சரை.

பிறகு அந்த மேட்டுப் பாதை.
வேலியில்லாத புல்வெளியில் ஏழெட்டு மரம்,
பழப் பாரத்தில் கொப்புகள் தரையைத் தொட,
ஒரு மரத்தின் இடுப்பில் மஞ்சள் நாடா.
கண்டதும் இறங்கி நின்றேன்.

எங்களுக்கு
மஞ்சளாய் ஒன்றைக் கட்டினால்
உரித்தான ஆள் உண்டு என்று பொருள்,
சாமியோ மனுசனோ.
என் கழுத்திலும் பதினாறு வருடம் கிடந்தது.
இப்போது லாச்சியில்,
பழைய பாஸ்போர்ட்டுக்குக் கீழே.

நாயோடு வந்த பெண்தான் சொன்னாள்
இந்த ஊரில் அதற்குக் கருத்து:
பிடுங்கு, யாரென்றாலும் பிடுங்கு,
உடையவருக்கு இவ்வளவும் தின்ன வாயில்லை.
சொல்லிவிட்டு அவளே எட்டி
ஒரு கொப்பை வளைத்துப் பிடித்தாள்.
நாய் விழுந்த பழத்தைத் தின்று தும்மியது.

நீலப் பிளம்ஸ்.
விபூதி பூசினாற்போல் மேலே ஒரு படலம்,
விரல் பட்ட இடத்தில் மட்டும்
கருநீலம் பளிச்சென்று.
பிட்டால் கொட்டை தானாய்க் கழன்று வருகிறது.
தோலில் துவர்ப்பு, காம்படியில் புளிப்பு,
நடுவில் பல்லை மறக்கடிக்கும் ஓர் இனிப்பு.
ஏழாவது பழத்தில் புழு.
அதற்கும் யாரோ நாடாவைப் பற்றிச்
சொல்லியிருக்கிறார்கள்.

குளவிகளோடு முறை வைத்துப் பிடுங்கினேன்.
ஹெல்மெட் நிறைந்தது,
மழைக்கோட்டின் இரண்டு பைகளும் நிறைந்தன,
உச்சிக்கொப்பில் இருந்தவை
எட்டாமல் இருந்து சிரித்தன.

இரவு
கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கறுத்து,
பழத்தைக் கொட்டியதும்
சட்டி முழுக்க ஊதா.
கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை,
கரண்டியால் ஒரு மசியல்.
மணம் பிடித்து மேல்மாடி ஹில்ட்ரூட் இறங்கி வந்தாள்,
கையில் பிளம்ஸ் கேக்.
அவளுக்கும் பழம் கூடிப்போச்சாம்.
கேக்கின்மேல் என் சட்னியை வைத்துத் தின்றாள்,
மூக்கால் தண்ணீர் ஓடியது,
இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

ஒன்பது நாள், பத்து நாள்தான் இதெல்லாம்.
ஒரு மழை பெய்தால் தோல் வெடித்துவிடும்.
நாளைக்கு வேலை ஆறு மணிக்கு,
சதுரங்கள் காத்திருக்கும்.
லாச்சியை நான் திறக்கவில்லை.
சைக்கிள் கூடையில்
துணிப்பை இரண்டு கூடுதலாக மடித்து வைத்தேன்.
இந்த நாட்டில் கொக்கத்தடி எங்கே விற்கும்,
ஜெர்மன் மொழியில் அதற்கு என்ன பெயர் சொல்லிக் கேட்பது
என்று யோசித்தபடி
படுத்துக்கொண்டேன்.