எல்லாப் பொத்தானையும் அழுத்தாதீர்கள்

பிர்னோ நகரத்துக்குக் கடல் கிடையாது.
எங்கள் ஏழாம் மாடிக்கு உண்டு:
இருநூற்று எண்பது லிட்டர்.
உப்பை நிறுத்துக் கரைத்தவன் நான்,
விளாஸ்தாவின் சமையல் தராசில்.
அந்த வாரம் அவள் சுட்ட கேக் கரித்தது.
மூன்று நாள் பேச்சு இல்லை.

பிப்ரவரி. இரவு ஒன்றே முக்கால்.
சிவப்பு டார்ச்சோடு முட்டி போட்டிருக்கிறேன்.
சிவப்பு வெளிச்சம் புழுக்களுக்கு உறைப்பதில்லை;
இருட்டென்றே நம்பி வெளியே வரும்.

வந்தது.
பாறைப் பொந்திலிருந்து விரல் நீளம்,
இருபுறமும் முள்மயிர்,
அவசரமே தெரியாத நடை.
அதன் பக்கத்தில், நான் தேடாத ஒன்று:
சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக, பழுப்பாக,
கண்ணாடி விரல்களை விரித்தபடி
கூப்பிடாமல் குடியேறிய கடற்சாமந்தி.

வயிற்றுக்குள் ஒரு கம்பி அறுந்து
பெட்டி கீழே போனது.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு.
இருபத்திரண்டு வருடமாக
நின்றுபோன பெட்டிகளின் கதவிடுக்கில் வாய் வைத்து
ஒரே பாடத்தைச் சொல்கிறேன்:
எல்லாப் பொத்தானையும் அழுத்தாதீர்கள்.
கதவை நெம்பாதீர்கள்.
காற்று இருக்கிறது. உங்கள் பெயர் என்ன?
போன வாரம் திருமதி கொஸ்தெலேஸ்கா,
பேரனின் பிறந்தநாள் கேக்கோடு மாட்டிக்கொண்டார்.
நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால்
கேக்கில் பாதி இல்லை.
"பதற்றம்" என்றார், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

பிறருக்குச் சொல்ல எனக்கு நன்றாக வரும்.

போன தொட்டியைக் கொன்றது பூச்சி அல்ல.
எள்ளளவு தட்டைப்புழு, துரு நிறம்.
பார்த்த அன்றே ஒரு மருந்து,
அது போதாதென்று இன்னொன்று,
பாறையைப் பெயர்த்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து...
புழுக்கள் செத்தன.
சாகும்போது தங்கள் விஷத்தைத்
தண்ணீருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயின.
காலையில் கோமாளி மீன் இரண்டும்
வடிகட்டியின் வாயில் ஒட்டிக் கிடந்தன.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் உண்டல்லவா,
அவன் முகவரி இதுதான்.
விளாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை.
வாளி வாளியாக மொண்டு குளியலறைக்குச் சுமந்தாள்,
பதினாறு நடை.

இப்போதும் கை போகிறது.
இடுக்கி எட்டும் தூரத்தில்.
ஒரே கிள்ளு.
கிள்ளினால் பத்தாகும் அது.
அறுந்த துணுக்கு ஒவ்வொன்றும் முழுச் சாமந்தி;
அவசரத்தைத் தின்று வளரும் ஜாதி.

கையைத் தொடைக்கு அடியில் வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்தேன்.
எண்ணினேன். ஒன்று.
பம்புக்குப் பின்னால் இன்னொன்று.
மூன்றாவது, கண்ணாடியில் என் கட்டைவிரல்.
ஆக இரண்டு.

முள்மயிர்க்காரன்
மீன்கள் சிந்திய துணுக்கொன்றை
இழுத்துக்கொண்டு பொந்துக்குத் திரும்பினான்.
நான் போடும் தீனி அதிகம் என்பதை
இத்தனை மரியாதையாக யாரும் சொன்னதில்லை.
இவனையா பூச்சி என்றேன்?
இரவுப் பணித் துப்புரவாளன்.
இருக்கட்டும்.

சாமந்தி அப்படியல்ல. பக்கத்துப் பவளத்தைச் சுடும்.
அதற்கு நாள் குறிக்க வேண்டும்.
சுண்ணாம்புப் பசை, ஊசி,
நேராக வாயில் ஒரு துளி.
இல்லையென்றால் ஒலொமொட்ஸில் ஒருவரிடம்
அதைத் தின்னும் வரி இறால் இருக்கிறதாம்.
எதுவானாலும் சனிக்கிழமை.
இடையில் நான்கு இரவு.
நான்கு இரவில் கடல் கவிழாது.

கம்பளிக் காலுறையோடு விளாஸ்தா வந்து நின்றாள்.
"எத்தனை?"
"இரண்டு."
"மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறாயா?"
"சனிக்கிழமை."
டார்ச்சை வாங்கி
என் முகத்தின் மேல் திருப்பினாள்,
வெகு நேரம்,
அங்கேயும் எதையோ எண்ணுவதுபோல.

பிறகு படுக்கப் போனோம்.
இரண்டும் விரிந்தே இருந்தன.