கட்டில் எண் பதினாலு

சோஹார் துறைமுகம், மூன்றாம் கிடங்கு, ஜூலை.
இருதயசாமியின் டேப்லெட்டில்
பொத்தான் மறுபடி செத்துப்போனது.
"அமுக்குறேன் மேடம், அப்படியே நிக்குது.
லாரிக்காரன் ஹாரன்ல கையை வச்சுட்டான்."

தப்பு என்னுடையது.
நாலாயிரம் பெட்டிகளின் எடை கூட்டும் வேலையை
திரை வரைகிற அதே ஆளிடம் கொடுத்திருந்தேன்.
கூட்டி முடிக்கிறவரை
விரல் தட்டுவது அவனுக்குக் கேட்காது.

ஆகவே பின்னால் ஒரு வொர்க்கர்.
கணக்கு மட்டும்தான் வேலை. ஜன்னல் கிடையாது;
ஜன்னல் எங்கே என்று கோட் கேட்டால்
அப்படி ஒன்று வரையறுக்கப்படவில்லை என்று பதில் வரும்.
தகவல் அனுப்பலாம், நகல்தான் போய்ச் சேரும்.
எண் போகும், தேதி போகும்.
எப்படிச் செய்வது என்கிற ஃபங்ஷனைக் கட்டி அனுப்பினால்
வாசலிலேயே பிடித்துத் திருப்பிவிடுவார்கள்.

"ராத்திரி சர்வர்லயும் இதே கணக்கு ஓடணும்,
காலையில் மஸ்கட்டுக்கு அறிக்கை" என்றார் ஹிலால்.
"ஒரே கோட் தானே?"

தானே.
பிரவுசரில் அவனை செல்ஃப் என்று கூப்பிட்டால் திரும்புவான்.
சர்வரில் அந்தப் பெயரில் யாரும் இல்லையாம்.
அங்கே வேறு கதவு, வேறு காவல்,
பேரன்ட்போர்ட் என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே.

இருதயசாமி ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது:
கேம்ப்பில் கட்டில் எண் பதினாலு.
"ராத்திரி வந்து தட்டினா நான் எழுந்திருப்பேன்.
பகல்ல தட்டினா டம்பர் பகதூர்.
தலகாணி உறை மட்டும் ரெண்டு."
பேக்கேஜ் கோப்பில் அப்படியே எழுதினேன்,
ஒரு பெயர், கீழே இரண்டு வரி:
பிரவுசர் கேட்டால் இவன்,
நோட் கேட்டால் அவன்.

வியாழன் மாலை மூட்டை கட்டி ஏற்றினேன்.
நானூற்று நாலு.
வொர்க்கரைக் காணோம்.

பண்ட்லர் கண்டிப்பான ஆள்.
பாதையை மேற்கோள் குறிக்குள் வைத்து
அதே இடத்தில், ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.
நான் அழகுக்காக ஒரு மாறியில் வைத்திருந்தேன்.
மாறியை அது நம்பாது, பின்தொடராது,
ஆளை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.
"இங்கிருந்து பக்கத்து அறை" என்று எழுதியிருந்தேன்.
மூட்டை கட்டியதும் இங்கே என்பது வேறு இடம்.
ஏற்றியவர்களுக்கெல்லாம் பெயருக்குப் பின்னால்
பத்தாக்கா எண் மாதிரி எழுத்தும் எண்ணும் ஒட்டியிருந்தது;
பழைய பெயரைக் கேட்டால் யாருக்குத் தெரியும்?

மாறியை அழித்தேன். பாதையை நேராக எழுதினேன்.
ஏசி சொட்டும் பக்கெட்டைக் காலால் நகர்த்தினேன்.
ஏழே முக்காலுக்குக் கிடங்கிலிருந்து போன்.
"இப்ப ஓடுது மேடம். என்ன மாத்தினீங்க?"
"ரெண்டு மேற்கோள் குறி."
"அவ்வளவுதானா" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மூன்று மணிக்கு இன்னொரு எச்சரிக்கை.
சர்வரில் கணக்கு முடிந்து
அறிக்கை போய்விட்டது,
ஆனால் புரோகிராம் மூடவில்லை.
பிரவுசரில் டேப்பை மூடினால் அவன் போய்விடுவான்.
இங்கே யாராவது போ என்று சொல்லும்வரை
காலிக் கையோடு உட்கார்ந்திருப்பான்,
அவனுக்காக முழு வீடும் விளக்கை எரியவிட்டுக்கொண்டு.

டெர்மினேட் என்று அடித்தேன்.
எட்டு மாதம் முன்பு முப்பத்தொரு பேருக்கு
இதே சொல்லை எச்ஆர் அனுப்பியது;
கடிதத்தைப் படிக்கத் தெரியாதவர்களும்
அந்த ஒரு சொல்லைப் படித்தார்கள்.
பேக்ஸ்பேஸ்.

அன்ரெஃப் என்று இன்னொன்று இருக்கிறது.
அவனை வெளியே தள்ளாது.
இவனுக்காக யாரும் விழித்திருக்க வேண்டாம்
என்று மட்டும் சொல்லும்.
விடை ஏற்கெனவே வந்துவிட்டது,
இனி வீடு தூங்கப்போனால் அவனும் போவான்.

அதைப் போட்டேன்.
மூடியது.
இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று
காலையில் கோடைப் பார்க்கிற ரோவேனா எழுதுவாள்.
எழுதட்டும்.
கேம்ப்பில் இந்நேரம்
பதினாலாம் எண்ணில் ஆள் மாறியிருக்கும்.