இடமிருந்து மூன்றாவது

வியாழன் இரவு ஒன்பதரை.
கிரிம்ஸ்பியில் மழை. டிவியில் நாங்கள்.

நாங்கள் இல்லை, எங்கள் மாதிரி நால்வர்.
இருபத்தைந்து வருடம் கழித்து
ஒரு சோபா விளம்பரத்துக்காக
மறுபடி ஒன்றுசேர்கிறார்கள்.
ஒருத்திக்கு முட்டி மாற்று அறுவை,
ஒருத்திக்கு மூன்றாவது விவாகரத்து,
ஒருத்தி பழைய வெள்ளி பூட்ஸுக்குள்
காலை நுழைக்கக் கால்மணி நேரம் போராடுகிறாள்.
இன்னொருத்தி பின்னால் நின்று
'ஊ' என்கிறாள்.
அவ்வளவுதான் அவளுக்கு.

மறுநாள் மீன் தொழிற்சாலை கேன்டீனில்
அதே பேச்சு.
வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பேக்கிங் லொரெய்ன்.
அவள் நாத்தனார் அச்சு அசல் அந்த முட்டிக்காரியாம்.
பாட்டு மட்டும் தேறும் என்றான் ஸ்வாவோமிர்,
குளிக்கையில் வாயில் ஒட்டிக்கொண்டு விட மறுக்கிறதாம்.
பத்தாவது நிமிடம் தூங்கிப்போன சூப்பர்வைசர் கீத்துக்கும்
முடிவைப் பற்றி ஒரு கருத்து இருந்தது.

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.
தலையில் நீல வலை, கையில் நீல உறை.
'பெப்பர்மின்ட் லேன்', தொண்ணூற்றொன்பது,
பட்டியலில் பதினேழாம் இடம், ஒரே ஒரு வாரம்.
இங்கே யாருக்கும் தெரியாது.
தெரிந்தால்தான் என்ன, பாடச் சொல்வார்கள்.

லண்டன் பேப்பரில் பென்ஹாலிகன் என்றொருவர்
இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்.
பழசுக்குச் சர்க்கரைப் பாகு, கிண்டலில் பல் இல்லை,
அதெல்லாம் சரி.
கடைசிப் பத்தியில் எழுதுகிறார்:
'நான்காவது பாத்திரம் எழுதப்படவே இல்லை.
இத்தனை காலம் ஒரு மனுஷி
வாயே திறக்காமல் நின்றிருப்பாளா?
நம்பும்படி இல்லை.'

உறைந்த காட் மீனுக்கு முன்னால் நின்று
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பென்ஹாலிகன் ஐயா,
என் மைக்கை அணைத்தே வைத்திருந்தார்கள்.
பிளாக்பூலில், லீட்ஸில்,
பெல்ஜியத்தில் ஒரு கார் ஷோரூம் திறப்பு விழாவில்.
கண்டுபிடித்தது என் அம்மாதான்.
'எல்லார் குரலும் கேக்குது ஜனீன்,
உன்னுது எங்கே?'
மேனேஜர் கிளைவிடம் கேட்டேன்.
'நீ அழகா நிக்கிற' என்றார்.
போட்டோவுக்குக் கீழே என் பெயர்
'இடமிருந்து மூன்றாவது'.

இன்னொரு விமர்சகர் நான்கு நட்சத்திரம் தந்தார்.
அந்த மௌனம் ஒரு தலைமுறைப் பெண்களின் அலறலாம்.
அம்மணி, உங்கள் அன்புக்கு நன்றி.
அந்த நேரத்தில் பெரும்பாலும்
உருளைக்கிழங்கு வறுவலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
மற்ற நேரத்தில் நீங்கள் சொன்னதை.

ராத்திரி கோரின் போன் செய்தாள், முதல் முறையாக ஒன்பது வருடத்தில்.
'கேஸ் போடலாம். அந்த பூட்ஸ் என்னுது.'
டான்யா சொன்னாளாம், விவாகரத்து அவளுடையது,
ஆனால் கணக்கு தப்பு, இரண்டுதான்.
மெலனிக்கு முட்டியில் சந்தேகம்.
எனக்கு எது என்று யாரும் கேட்கவில்லை.
கேட்கவேண்டிய அவசியமும் இல்லை, பாருங்கள்.

ஆறாவது வாரம், கடைசி எபிசோட்.
மூவரும் சண்டை போட்டு மேடையிலிருந்து இறங்கிவிட,
அவள் மட்டும் மிச்சம்.
சிரிப்பு வரும் இடம் என்று பழகிய ஸ்டுடியோ ஜனம்
சிரிக்கத் தொடங்கியது.
அவள் பாடினாள். ஒரே ஒரு வரி.
சிரிப்பு அங்கங்கே நின்றது,
எல்லாம் ஒரே சமயத்தில் அல்ல.
வலது ஓரத்தில் ஒரு ஆள், கரகரத்த தொண்டை,
அவர் மட்டும் தாமதமாக,
பாதிச் சிரிப்பில் கதவில் விரல் நசுங்கியவர் போல
நிறுத்தினார்.
அதை நான்கு முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
பாட்டை அல்ல. அந்த ஆளை.

காலையில் லொரெய்ன் அழுததாகச் சொன்னாள்,
கீத் அழவில்லை என்றார், யாரும் கேட்காமலே.
'அந்த ஊக்காரி நல்லாப் பாடினா இல்ல?'
என்றான் ஸ்வாவோமிர்.

'நடுவில் சுருதி இறங்கிடுச்சு' என்றேன்.
'மூச்சைத் தப்பான இடத்துல எடுத்தா.'

'உனக்கெப்படித் தெரியும்?'

பெல்ட் ஓடத் தொடங்கியது.
முதல் தட்டு வந்தது.