பதினொன்றில் பத்துப் போனால்

மரியஹாம்ன் துறைமுகத்துக்கு மேலே
மூன்றாம் மாடியில் குன்னெல் எக்ஹோல்ம்
ஐந்தாண்டுப் பிறப்பையும்
ஓராண்டு நிறையாத இறப்பையும்
ஊர்வாரியாகக் கட்டத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.
பிப்ரவரி. கடல் பாதி உறைந்து கிடக்கிறது.

நகரம்: பத்து.
தீவுகள் வரிசையாகச் சுழியம், சுழியம், சுழியம்.
ஹெம்ஷேர்: ஒன்று.

(ஹெம்ஷேர் என்று நான் எழுதுவதும்
அந்தத் தீவின் பெயரல்ல.)

அங்கே நூற்று எட்டுப் பேர்.
ஒன்று என்றால் ஒரு வீடு.
படகுத்துறையிலிருந்து எத்தனையாவது என்று
கடைக்காரருக்குத் தெரியும்
தபால் கொண்டுபோகிறவளுக்குத் தெரியும்.
தெரியட்டும்.
ரொட்டி சுட்டு வாசலில் வைத்துவிட்டு
கதவைத் தட்டாமல் போனவர்கள் அவர்கள்.
இறுகிய மண்ணை இரவெல்லாம் நெருப்பு மூட்டி இளக்கியவர்கள்.
அச்சில் ஏறிய எண்ணோ
யார் கைக்கும் போகும்:
பாலிசியைப் புரட்டுகிற காப்பீட்டுக்காரன்,
செய்திக்கு அலைகிறவன்,
அவளை விட்டுப்போய்
இன்னும் வேவு பார்க்கிற ஒருத்தன்.

ஐந்துக்குக் கீழே, சுழியம் தவிர,
எந்த எண்ணும் வெளியே போகக் கூடாது.
குன்னெல் ஒன்றை அழித்தாள்.
ஒரு புள்ளி வைத்தாள்.

நான் எழுதுகிற மொழியில்
எழுத்தின் தலையில் புள்ளி ஏறினால்
உயிர் கழன்றுவிடும்
மெய் மட்டும் நிற்கும்.
மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை.
அவள் வைத்த புள்ளிக்கடியில்
எது நிற்கிறது என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் அடிவரி கண்ணில் பட்டது.
மொத்தம்: பதினொன்று.
பதினொன்றில் பத்துப் போனால்
இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.
சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய்.

இன்னொரு கட்டத்தையும் மூடியாக வேண்டும்.
பக்கத்துத் தீவு நோர்ஷேர்.
அங்கே பிறந்த பதினேழும்
தவழ்ந்தும் ஓடியும் பல் விழுந்தும் இருக்கின்றன.
அந்தச் சுத்தமான சுழியத்தையும் அழித்தாள்.
அங்கும் ஒரு புள்ளி.

துக்க வீட்டுத் திரையை இழுத்துவிட்டு
அடுத்த வீட்டிலும் போய் இழுத்தாள்.
தெருவில் போகிறவன்
இரண்டு இருட்டு ஜன்னல்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மார்ச்சில் தொலைபேசி.
நோர்ஷேர் ஊராட்சிச் செயலர், தூரே லுண்ட்க்விஸ்ட்:
“எங்கள் பிள்ளைகள் ஒன்றும் சாகவில்லையே,
எங்கள் வரியில் எதற்கு இந்தக் கறை?
குடிவர நினைக்கிறவர்கள் இதைத்தானே பார்ப்பார்கள்?”
உங்களுடையது சுழியம்தான் என்று
சொல்ல வாயெடுத்தாள்.
சொன்னால் மற்றது ஒன்று.
“அது விதி” என்றாள்.
“என்ன விதி, யார் எழுதினது?”
வைத்துவிட்டார்.

ஏப்ரலில் ஒரு கடிதம்.
கையெழுத்தில்லை, ஊர் பெயரில்லை,
முத்திரை ஈரத்தில் கலைந்திருந்தது.
நீல மையில் ஒரே வரி:
அவனையும் எண்ணினீர்கள்தானே?

பதில் எழுத முகவரி கிடையாது.
முகவரி கிடைக்காதபடி பார்த்துக்கொள்வதற்குத்தான்
அவளுக்குச் சம்பளம்.
மொத்தத்தில் இருக்கிறான், என்றாள்
மடித்த காகிதத்தைப் பார்த்து.
பதினொன்றில் இருக்கிறான்.
அடுத்த அறை யோஹான்னெஸ் எட்டிப் பார்த்து
கூப்பிட்டீர்களா என்று கேட்டான்.

மே மாதம், தங்கையைப் பார்க்க, தீவுப் படகு.
ஹெம்ஷேரில் நாலு பேர் ஏறினார்கள்.
பெயிண்ட் டப்பாவோடு ஒருத்தி.
நாய்க்குட்டியைக் கோட்டுக்குள் வைத்திருந்த ஒருத்தி.
தலை நரைக்காத, முகம் வெளுத்த,
யாரோடும் பேசாமல் தண்ணீரைப் பார்த்த ஒருத்தி.
குன்னெல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.
இவளா. இல்லை, அவள்.
வயதைக் கூட்டினாள், ஆண்டைக் கழித்தாள்,
கையில் மோதிரம் தேடினாள்.

சட்டென்று
நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
உயிர்காப்பு மிதவைகளை மாட்டியிருந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்,
கடைசித் துறைவரை.