ஈ மூன்று

மூன்று நாளாய் பிறஷர் மெஷின்
ஊதுகிறது, இளைக்கிறது, பிறகு
ஈ மூன்று என்று காட்டிவிட்டுப் படுத்துவிடுகிறது.
"மூண்டு ஈ பூந்திட்டுதாக்கும்" என்கிறார் சற்குருநாதன்,
கைப்பட்டியைக் கழற்றாமலே
ரீ குடித்துக்கொண்டு.

முதலாம் குறுக்குத் தெருவில் இர்ஷாத் நானா
மெஷினைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"இதுக்குச் சாமான் வராது மிஸ், புதுசு எடுங்க."
புதுசின் விலையில்
தண்ணி பில், கரண்ட் பில் இரண்டையும் கட்டி
மிச்சத்துக்கு மீனும் வாங்கலாம்.
பையை மடியில் வைத்தபடி
நூறாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினேன்.
பம்பலப்பிட்டி தாண்டமுதல் முடிவெடுத்துவிட்டேன்.

எனக்குக் கணக்குப் பகுதியில் வேலை.
ஐந்து ரூபா உதைத்தால்
அந்த ஐந்து ரூபா எங்கே என்று
ஏழு மணிவரை இருந்து தேடுகிற ஆள்.
காற்று உதைக்கிறது என்றால்
அது எங்கோ ஓர் இடத்தால்தான் போகவேண்டும்.

இரவு, அயன் பண்ணும் மேசை.
ரப்பர் கால்களுக்கு அடியில் நாலு ஸ்குறூ.
ஐந்தாவதை
'கழற்றினால் பொறுப்பில்லை' என்ற ஸ்டிக்கருக்குள் ஒளித்திருந்தார்கள்.
பொறுப்பு முடிந்தே இரண்டு வருஷம்.

திறந்தால் இவ்வளவுதான்:
கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டர்,
காற்றைப் பிடிக்கவும் விடவும் தெரிந்த சின்ன வால்வு,
பச்சைத் தகடு,
செத்துக் காய்ந்த எறும்பு ஏழெட்டு.
ஈ இல்லை.
எல்லாவற்றையும் சுற்றி ஒரு வெள்ளை ரியூப்
இடியப்பச் சிக்கலாய் மடிந்து கிடந்தது.

பஞ்சில் சவர்க்காரத் தண்ணி தொட்டுத் தடவி
பட்டனை அமத்தினேன்.
மடிப்பில் ஒரு குமிழ்.
பக்கத்தில் இன்னொன்று,
கோபத்தில் பேசாமல் இருக்கிற ஆளின்
வாயோரம் மாதிரி.

அடுத்த நாள் மீன்தொட்டிக் கடையில்
ஒரு முழம் ரியூப் வெட்டித் தந்தபடி
"எத்தனை மீன், அன்ரி?" என்று சிங்களத்தில் கேட்டான் தினுக்க.
ஒன்று, என்றேன்.
பெரிசு.

மாட்டினேன். மூடினேன்.
பாணந்துறைக் கோச்சி போய்
யன்னல் கண்ணாடி அடங்கும்வரை பொறுத்து
என் கையில்தான் முதலில் கட்டினேன்.
திருத்தின சாமானை
வருத்தக்காரரில் சோதிக்கக் கூடாதல்லவா.

நூற்றி அறுபத்திரண்டு.
கீழே தொண்ணூற்றெட்டு.

பிழை என் வேலையில்.
திறந்தேன். வால்வைத் துடைத்தேன்.
நூற்றி அறுபத்தாறு.
மறுபடி திறந்தேன். ரியூப்பை அரை விரற்கடை குறைத்தேன்,
பற்றறி நாலும் புதுசு போட்டேன்.
நூற்றி அறுபத்தொன்று.

ரீவிக்கு முன்னால் இருந்தவர்
படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையைத் தந்தார்.
நூற்றி முப்பது, எண்பத்திரண்டு.
வியாழக்கிழமை களுபோவில கிளினிக்கில்
கொப்பியில் எழுதிவிட்டதும் அதுதான்,
ஒன்று கூடக் குறைய.

உள்ளே வந்து
மற்றக் கையில் கட்டினேன்.
பட்டி இறுகியது. இன்னும் இறுகியது.
விரல் நுனியில் என் இதயம் இடித்தது.
நூற்றி அறுபத்துமூன்று.

கணக்கு உதைக்கவில்லை.

மாதக் கடைசித் தலையிடியை
கொம்பியூட்டரின் பற்றில் எழுதியிருந்தேன்.
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கினதை
பழுதான லிப்ட்டின் பற்றில்.
பிடரி உளைவை, தலகணியில்.

"சரி வந்திட்டுதே?"
"வந்திட்டுது."

ஸ்டிக்கரைப் பழைய இடத்தில் ஒட்டிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.

குசினியில்
பத்து வருஷமாய் இரண்டு சட்டி.
ஒன்று அவருக்கு, உப்பில்லாதது.
மற்றது என்னுடையது,
நெத்தலிக் கருவாடும் புளியும்
கை நிறைய உப்புமாய்.
லைட் போடாமல் கொஞ்சநேரம் நின்றேன்.
அடியில் ஒட்டியிருந்த குழம்பை
விரலால் வழித்து நக்கினேன்.

நாளைக்கு ஒரு சட்டி.