குறியீடு ஒன்பது

பனச்சமூடு சந்தையில்
மீன்தட்டு இந்த மாநிலம், தராசு அந்த மாநிலம்.
மரச்சீனி பேரம் பேசிக்கொண்டே எல்லை கடக்கலாம்.
ஒன்றிய அலுவலகத்துப் புள்ளியியல் உதவியாளன் நான்
கடக்கக் கூடாது.
எனக்குக் கொடுத்தது இந்தப் பக்கத்து அறுபதுகள் மட்டும்.

பதினான்கு பக்கப் படிவம்.
இரண்டாயிரத்து முப்பத்தாறில்
எத்தனை கட்டில், எத்தனை செவிலியர், எத்தனை சக்கர நாற்காலி
என்று சென்னையில் யாரோ கூட்டிப் பார்க்கிறார்கள்.
நல்ல காரியம்தான். நான் சிரிக்கவில்லை.

ரெத்தினாபாய்க்கு எழுபத்து மூன்று.
கைரேகை விழவில்லை.
முப்பது வருஷம் அண்டியாபீஸில் தோடு உடைத்த விரல்கள்;
எண்ணெய் தின்றது போக மிச்சம் வழுவழுப்பு.
மூன்று முறை 'மீண்டும் முயல்க' என்றது கருவி.
முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"பிள்ளே, நான் உண்டா இல்லியா?"

கேள்வி முப்பத்தொன்று:
உங்களைக் கவனிப்பவர் யார்?
மகன் ஒன்று, மகள் இரண்டு, இல்லம் மூன்று,
மற்றவை ஒன்பது.
மகன் மஸ்கட்டில்.
மகள் பாறசாலையில், அவளுக்கே முட்டுவலி;
பாறசாலைக்குப் படிவத்தில் மாவட்ட எண் கிடையாது.
கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார்:
"எனக்க நடைக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தா.
மிச்சத்த நான் நோக்கிக்கிடுவேன்."

நடை என்றால் நாற்பத்தொரு படி.
செம்பாறையில் வெட்டியது, மழைக்குப் பாசி.
போன ஆனியில் அவர் விழுந்தது பதினேழாவதில்.

ஒன்பது என்று எழுதி
ஓரத்தில் பொடி எழுத்தில் 'கைப்பிடி' என்றேன்.
நாகர்கோவிலிலிருந்து திரும்பி வந்தது:
குறியீடு போதும், குறிப்பு வேண்டாம்.

ஆய்வுக் கூட்டத்தில் திரை இறக்கினார்கள்.
முப்பத்தாறாம் ஆண்டுத் தூண் தடித்து நின்றது.
அப்போது எனக்கு அறுபத்தொன்று,
அந்தத் தூணில் எங்கோ நானும் ஒரு செங்கல்.
கட்டில் கணக்குச் சரி.
கட்டிலிலிருந்து ரோட்டுக்கு வரும் வழி?
கேட்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தேன்.

பிறகு நடந்ததற்குக் கோப்பில் பெயர்
குடிநீர்க் குழாய் நீட்டிப்பு, தொண்ணூறு அடி, இரண்டு அங்குலம்.
ஒப்பந்தக்காரர் மரியசிசிலன் ஒரு கேள்வியும் கேட்காமல்
இடுப்பு உயரத்தில் நட்டார்.
முனைகளை அரம் வைத்துத் தேய்த்தது அவராகவே.

தணிக்கைக்கு வந்தவர் மேலே ஏறி நின்று மூச்சிரைத்தார்.
"திறப்பு எங்கே? இதில் என்னதான் வருகிறது?"

கீழே, மீன் பையோடு ரெத்தினாபாய்.
ரேகையில்லாத கை குழாயைப் பற்றியிருந்தது.
பதினேழாம் படியில் நின்றார்,
பையை மாற்றிப் பிடித்தார்.

"பொறுங்க சார்," என்றேன்,
"வருது."