ஏறும்போது நாலு கிலோ

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில்
பிளாஸ்டிக் பாட்டில் தேடும் கை
என் டப்பாவில் வந்து நின்றது.
"என்னம்மா இது, வெள்ளையா?"
சோடியம் போரோஹைட்ரைடு.
"உப்பா?"
உப்பு மாதிரிதான், நனையக் கூடாது என்றேன்.
நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.
என்னைப் பார்த்தார், மழையைப் பார்த்தார்,
பதிவேட்டில் எழுதினார்:
நனையக் கூடாத உப்பு, நாலு கிலோ.

ஒசஹட்டிக்கு மூன்று நாளாக மின்சாரம் இல்லை.
சில்வர் ஓக் ஒன்று கம்பிகளையும் இழுத்துக்கொண்டு
இரண்டாவது வளைவில் குப்புறக் கிடக்கிறது.
துணைச் சுகாதார நிலையத்தில்
தடுப்பூசிப் பெட்டியின் முள்
எட்டைத் தொட்டுவிட்டது.
யாரும் திறந்துவிடக் கூடாதென்று
செவிலியர் எஸ்தர்
அதன் மூடிமேல் தன் கைப்பையை வைத்து
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.
"ஜெனரேட்டர் கொண்டு வருவீங்கன்னு நினைச்சேன்."
இதுவும் அதுதான், சத்தம் போடாது என்றேன்.
அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

காரம் போட்ட தண்ணீரில் கரைத்தால்
பொடி அடங்கிக் கிடக்கும்.
கோபால்ட் பூசிய கறுப்புத் தகட்டை
உரசும்போதுதான் அதற்குக் கோபம்.
முதலில் நாலைந்து குமிழி.
பிறகு எண்ண முடியவில்லை.
வெளியே ஏழு டிகிரிக் குளிர்,
குழாய் கையைச் சுடுகிறது.

படித்தும் மனதில் நிற்காத ஒரு வரி
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
வெளிவரும் ஹைட்ரஜனில்
பாதிதான் பொடியினுடையது.
மறுபாதி தண்ணீருடையது.
கொண்டுவந்த வடிநீர் தீர்ந்துபோய்
ஜீப் ஓட்டும் போஜன்
எண்ணெய் டின்னில் மொண்டு வந்த
ஊற்றுத் தண்ணீர் அது.
தான் பாதிக் கூட்டாளி என்று தெரியாமல்
வாசலில் பீடி பற்றவைக்கப் போனவரை
கத்தி நிறுத்தினேன்.

இரவு இரண்டு மணிக்குக் குமிழிச் சத்தம் ஓய்ந்தது.
தன்னிடமிருந்ததைக் கொடுத்து முடித்த உப்பு
குளிரில் இறுகி
குழாயின் தொண்டையில் கல்லாய் நின்றது.
ஆய்வகத்தில் இருபத்தைந்து டிகிரி,
அங்கே இது நடக்கவில்லை.
எஸ்தர் ஒன்றும் கேட்கவில்லை.
தன் பிளாஸ்கைத் திறந்து
காபிக்கு வைத்திருந்த வெந்நீரைக்
குழாய்மேல் மெல்ல மெல்ல ஊற்றினார்.
நான் டார்ச் பிடித்தேன்.
விடியும்போது முள் நாலில் இருந்தது.

மின்கலத்தின் மறுமுனையில் சொட்டிய நீரை
விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார்.
"ருசியே இல்லை" என்றார்,
புகார் சொல்வதுபோல.

எல்லாம் சரி.
இந்தக் கழிவைத் திரும்பப் பொடியாக்க,
அது தந்ததைவிட அதிகம் கேட்கும்.
கோவைக்குப் பக்கத்தில் ஓர் உலை இருக்கிறது.
அந்த உலை எதில் எரிகிறது என்ற கேள்விக்கு
என் அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு.
காலியாகவே வைத்திருக்கிறேன்.
நிரப்பினால்
அந்த இரவைத் தூய்மை என்று
எழுத முடியாமல் போகலாம்.
தடுப்பூசி போட வந்த பதினோரு குழந்தைகளும்
வீறிட்டு அழுததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பன்னிரண்டாம் நாள் இறங்கினேன்.
அதே சாவடி, அதே ஆள்,
வெயில் மட்டும் புதிது.
காய்ந்து பாளமான கழிவைத் தராசில் வைத்தார்.
பழைய பக்கத்தைப் புரட்டினார்.
"ஏறும்போது நாலு. இப்ப ஏழு.
மலையிலிருந்து என்னம்மா கடத்துறீங்க?"

ஆக்சிஜன், என்றேன்.
தண்ணீர் பிரிந்தபோது மிஞ்சியது.

பேனாவைக் கொஞ்ச நேரம்
பதிவேட்டின்மேல் பிடித்திருந்தார்.
பிறகு எடை மட்டும் குறித்துவிட்டு
பொருள் என்ற கட்டத்தை
அவரும் காலியாக விட்டார்.